யமுனா சொன்னது கதை இல்லை

உண்மையைச் சொன்ன ஓர் எட்டு வயதுக் குழந்தையின் பேச்சை நம்ப முடியாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தானோ என்னவோ.

ஆம்பூருக்கு வெளியே, பேச்சு சரியாக வராத குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். இரண்டே அறைகள். கட்டடம் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளிக்குச் சொந்தம், வாடகை கேட்பதில்லை. அதே தொழிற்சாலையில்தான் என் கணவருக்கும் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக அல்ல... இல்லை, சாக்குச் சொல்வதற்காகவும்தான்.

யமுனாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அறிவிலும் குறை இல்லை. சொற்கள் மட்டும் வரிசையில் வந்து நிற்காது. நாய் துரத்தியதைச் சொல்ல வாயெடுத்தால், "நாய்... ஓடு... நான்..." என்று திணறி, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பள்ளியில் அவளை மக்கு என்றார்கள். அவள் அம்மா மஞ்சுளா ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். அப்பா ஏழுமலை, என் கணவர் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் கூலியாள். வாரம் இரண்டு நாள் அவரே சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நான் கற்றுக்கொடுப்பது கதைகளைக் கொண்டுதான். ஐந்து அட்டைகள் வைத்திருக்கிறேன். யார், எங்கே, என்ன நடந்தது, பிறகு என்ன, கடைசியில் என்ன. ஒவ்வோர் அட்டையாகத் தொட்டு ஒரு சின்னக் கதை சொல்வேன். பிறகு குழந்தை அதே அட்டைகளைத் தொட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். லாரிக்காரரின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கின் கதையை யமுனாவுக்கு எட்டு மாதம் சொன்னேன். இரண்டாவது அட்டையைத் தாண்டி அவள் போனதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை இறந்துபோனார். தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர், நச்சுக்காற்றில் மயங்கி உள்ளேயே விழுந்துவிட்டார். அன்று ஆலைக்கு விடுமுறை; துப்புரவு வேலைக்கு மட்டும் ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். குடித்துவிட்டு, யாரும் சொல்லாமல், தானாகவே இறங்கினார் என்று நிர்வாகம் எழுதியது. சூப்பர்வைசரும் அப்படியே சொன்னார். மஞ்சுளா அன்று ஒரு சாவுக்காகக் குடியாத்தம் போயிருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஏழுமலை மகளையும் வேலைக்குக் கூட்டிப் போயிருந்தார்.

காரியம் முடிந்த மறுவாரம் யமுனா வந்தாள். நான் குரங்குக் கதையைத் தொடங்கினேன். என் கையைத் தள்ளிவிட்டாள். அட்டைகளைத் தானே வரிசையாக அடுக்கி, முதல் அட்டையில் விரலை வைத்தாள்.

"அப்பா. கண்ணாடி மாமா."

இரண்டாவது அட்டை. "தொட்டி."

"அப்பா வேணாம் சொன்னாரு. நாத்தம் சொன்னாரு. கண்ணாடி மாமா எறங்கு சொன்னாரு. திட்னாரு."

"அப்பா எறங்குனாரு."

கடைசி அட்டையில் விரல் வெகுநேரம் இருந்தது. "அப்பா வரல. கண்ணாடி மாமா ஓடிட்டாரு."

கண்ணாடி போட்டவர் அந்தச் சூப்பர்வைசர். அது எனக்கு அந்தக் கணமே தெரியும்.

ஆனால் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? மகிழ்ச்சி! ஐந்து அட்டையையும் முடித்துவிட்டாள் என்ற மகிழ்ச்சி. தகப்பன் செத்ததைக் குழந்தை சொல்கிறாள்; நான் உள்ளுக்குள் கை தட்டிக்கொண்டிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட ஆசிரியை நான்...

அந்த மகிழ்ச்சி அடங்கியதும் பயம் வந்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், குழந்தை பேசியதைப் பதிவேட்டில் அப்படியே எழுதுவது என் வழக்கம். அன்று எழுதியது ஒரே வரி: 'குழந்தை சோர்வாக இருந்தாள், பயிற்சி நடைபெறவில்லை.' அதுவரை என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதுவும் கேட்கக்கூட இல்லை. இதைக் கவனியுங்கள். பிற்பாடு வந்தவர்கள்மீது பழியைப் போட நினைக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரி என்னைத் தடுத்துவிடுகிறது.

யமுனா வீட்டிலும் அரைகுறையாக ஏதோ சொல்லியிருக்கிறாள். மஞ்சுளா கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். விசாரணை என்று தெரிந்ததும் தொழிற்சாலை மேனேஜர் என் மையத்துக்கு வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "அந்தப் பொண்ணுக்கு இன்னா பிரச்சனைன்னு மட்டும் எழுதிக் குடுங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம்." எழுந்து போகும்போது சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ரூமுக்கு பெயின்ட் அடிக்கணும் போல" என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நமக்கு இன்னாத்துக்கு? நீ டெஸ்ட்ல இருக்கறத எழுதிக் குடு. பொய்யா எழுதச் சொன்னாங்க?"

பொய் எழுதவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஏழுமலை இறப்பதற்கு முந்தைய மாதம் நான் செய்த மதிப்பீட்டிலிருந்து எழுதினேன். 'இக்குழந்தையால் நிகழ்வுகளை வரிசைப்படுத்திக் கூற இயலாது. கேட்ட கதையையும் கண்ட நிகழ்வையும் கலந்து கூற வாய்ப்புண்டு.' அந்த மாதத்துக்கு அது சரி. அதன்பிறகு என் கண்ணெதிரே நடந்ததை நான் எழுதவில்லை.

விசாரணை நாளன்று மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தா பாப்பா பேசும் மிஸ். எங்க வூட்டுக்காரரு குடிக்கவே மாட்டாரு. அந்தப் பேரு மட்டும் போனா போதும் எனக்கு."

விசாரணை அதிகாரியின் மேசைமீது என் கடிதம் இருந்தது. மஞ்சுளாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் அதை உரக்கப் படிக்கவும் இல்லை. யமுனா அட்டைகளை அடுக்கிச் சொல்லத் தொடங்கினாள். இடையில் அவர், "மொதல்ல அப்பா வந்தாரா, அந்தக் கண்ணாடி மாமா வந்தாரா?" என்றார். அவள் குழம்பினாள். விரல் ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குத் தாவியது. அவர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நீங்க சொல்லிக் குடுக்கற கதை மாதிரி ஒண்ணா மேடம்?"

"கத இல்ல," என்றாள் யமுனா. தெளிவாகச் சொன்னாள்.

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். அறைக்கு வெளியே மேனேஜர் நின்றிருந்தார்.

"நாங்க கதைதான் சார் சொல்லிக் குடுக்கறோம்," என்றேன்.

அவ்வளவுதான். அதிலும் பொய் இல்லை. யமுனா என்னைப் பார்த்தாள். பிறகு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டாள். குடித்துவிட்டு இறங்கினார் என்றே விசாரணை முடிந்தது. அடுத்த வாரம் மையத்தில் ஓர் ஆள் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றான். நானே நாற்காலிகளை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டேன்.

நடந்தது முழுதும் தெரியாத மஞ்சுளா, யமுனாவை என்னிடமே தொடர்ந்து அனுப்பினாள். சுற்றுவட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஓராண்டு யமுனா என்னிடம் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பேசினாள். நானும் விடாமல் உழைத்தேன். பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒன்று உண்டா என்ன? அவள் தேற வேண்டும் என்றும் வேண்டினேன்; தேறிவிட்டால் என்ன ஆகும் என்றும் நடுங்கினேன்...

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் மஞ்சுளா அவளோடு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாப்பா எல்லாத்தையும் வரிசையா சொல்லுது மிஸ். அன்னிக்கு நடந்தத எங்கிட்ட முழுசா சொல்லிச்சு. திரும்ப மனு குடுக்கப் போறேன். அப்போ பேச வராதுன்னு தள்ளிட்டாங்க இல்ல? இப்போ நல்லா பேசுதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

எழுதிக் கொடுத்தால் பழைய கோப்பைத் திறப்பார்கள். என் கடிதம் வெளியே வரும். அந்த ஒரு வரிப் பதிவும் வரும். எழுதாவிட்டால், குடிகாரன் என்ற பெயர் ஏழுமலைமீது அப்படியே கிடக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னேன். இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன.

நேற்று மூன்றாவது வெள்ளி. மஞ்சுளா மறுபடியும் கேட்டாள். வேலை அதிகம் என்று ஏதோ முனகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யமுனா செருப்பு வாரை மாட்டியபடியே சொன்னாள்.

"மிஸ் எழுத மாட்டாங்கம்மா."

குரலில் கோபம் இல்லை. திக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. எழுவாய் முதல் பயனிலை வரை முழு வாக்கியம்.

"சும்மா இருடி," என்று மஞ்சுளா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். அதுக்கு இன்னா தெரியும்."

"பரவாயில்ல," என்றேன். யமுனா எழுந்து, என்னைத் திரும்பிப் பாராமல் வாசலுக்குப் போனாள்.