மைக்காவின் இடது கண்

கண்மை அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சு, வாய் சோம்பல்ல அது மைக்கான்னு ஆயிடுச்சு. எங்க கடையில முதல் மாடி ஏறினதும் அவங்க கவுண்டர். பக்கத்துல நான், லிப்ஸ்டிக். என்னை அவங்க கூப்பிடறது "ஏய் உதடு!" பத்தொன்பது வருஷமா இதே கூத்துதான்.

சின்னப் பொண்ணுங்க வந்தா கண்டுக்கவே மாட்டாங்க. "உனக்கு எதைப் பூசினாலும் நல்லாத்தான் இருக்கும், போ"ன்னு என் பக்கம் தள்ளி விட்டுடுவாங்க. ஐம்பது தாண்டினவங்க, "இந்த வயசுல எனக்கெதுக்கு இதெல்லாம்"னு இழுத்துக்கிட்டே வருவாங்க பாருங்க, அவங்களைத்தான் பிடிச்சு உக்கார வைப்பாங்க.

"கண்ணை மூடாதீங்கம்மா. மூடி வரைஞ்சா கோடு அழகாத்தான் இருக்கும், தொறந்ததும் மடிப்புக்குள்ள காணாமப் போயிடும். நேரா என்னைப் பாருங்க. தோலை இழுக்காதீங்க, விட்டதும் கோடு நெளியும். மினுமினுப்பு வேணாம், இருக்கிற சுருக்கத்தையெல்லாம் தண்டோரா போடும். கறுப்பை விடப் பழுப்புப் பென்சில் நல்லது. இமை எங்க சரியுதோ, அதுக்கு முன்னாலயே கோட்டை மேல தூக்கிடணும்." பேசிக்கிட்டே முழங்கையை மேசையில ஊனி வரைஞ்சு முடிச்சிடுவாங்க. வந்தவங்க கண்ணாடியை விட்டு நகர மனசில்லாம நிப்பாங்க.

மைக்கா கல்யாணம் பண்ணிக்கல. கூட இருந்த அண்ணனும் தவறிப் போன பிறகு வீட்டுல ஈ காக்கா கிடையாது. ஞாயித்துக்கிழமை கடை லீவு. திங்கட்கிழமை காலையில குரல் கரகரன்னு வரும். "சளியாக்கா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"சளியும் இல்ல, சனியனும் இல்ல. சனிக்கிழமை சாயந்திரம் உன்கிட்ட போயிட்டு வரேன்னு சொன்னேன்ல? அதுக்கப்புறம் இப்பத்தான்டி வாயைத் தொறக்கறேன்."

நான் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. இப்ப நினைச்சா எனக்கு என் மேலயே எரிச்சலா வருது.

அறுபது முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடறது கடை வழக்கம். அந்தப் பேச்சு வந்தாலே மைக்கா எழுந்து போயிடுவாங்க. மாசக் கடைசியில அறுபது முடியப்போற நேரத்துல மேனேஜர் வந்து, "ஐம்பதுக்கு மேல கண்ணழகுன்னு பெருசா ஒரு படம் மாட்டலாம். உங்க முகத்தையே போடலாம். நல்லா எடுபட்டா இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருங்க"ன்னார். அன்னிக்கு மைக்கா கால் தரையில பாவல. படம் எடுக்கிற நாளன்னைக்குத் தன் கண்ணுக்குத் தானே வரைஞ்சுக்கிட்டு வந்தாங்க. படம் எடுத்தவன் ஆம்பளை, அவனுக்கு என்னத்தைத் தெரியும்?

படம் ஆள் உயரத்துக்கு வந்துச்சு. பிரிச்சதும் ஆறு கவுண்டர்ல இருந்தவங்களும் வந்து கூடிட்டோம். வலது கண் அப்படியே கச்சிதம். இடது கண்ணுல கோடு இமையை விட்டு இறங்கி, ஓரத்துல வழிஞ்ச மாதிரி நின்னுச்சு. மேனேஜர் ரெண்டு நிமிஷம் பார்த்தார். "இந்த யோசனையே வேணாம், விட்டுடலாம்"னு சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

மைக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கைக்கண்ணாடியில ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எத்தனை நாளாடி இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்க்கா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

உதட்டுச் சாயம் ஒரு நூல் தாண்டினாக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணுங்க எங்களுது. தெரியாம இருக்குமா? பெரியவங்க, மனசு நோகும், நமக்கெதுக்கு வம்புன்னு ஆளாளுக்குப் பேசாம இருந்துட்டோம். மரியாதையாம் மரியாதை, மண்ணாங்கட்டி!

"அடுத்தவங்களுக்குன்னா கண்ணாடி போட்டுக்கிட்டு வரைஞ்சிடறேன். எனக்குன்னா, கண்ணாடி போட்டுக்கிட்டா பென்சில் உள்ள போகாது. கழட்டினா கண்ணு தெரியாது. கை பழக்கத்துலதான் வரையறேன்"னாங்க. கோபமே இல்ல அந்தக் குரல்ல. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"நாளைக்கு நான் வரைஞ்சு விடறேன்க்கா. மேனேஜர்கிட்ட பேசி மறுபடி படம் எடுக்கச் சொல்லலாம்."

அவங்க பஞ்சை எடுத்து ரெண்டு கண்ணையும் துடைச்சாங்க.

"எனக்கே லேசா சந்தேகம் இருந்துச்சுடி. அதனாலதானே தினமும் வந்து பையை வைக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேட்டேன், சரியா இருக்காடின்னு. நீ நிமிர்ந்துகூடப் பார்க்காம சூப்பர்க்கான்னு சொல்லுவே. வீட்டுல கேக்க ஒரு ஆளிருந்தா உன்னை எதுக்குடி கேக்கப் போறேன்?"