ஓர் ஆள் எடைக்கான ஸ்பிரிங்

போனக்காட்டில் எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நிற்கும் பலாமரத்திலிருந்து அண்ணன் விழுந்தபோது நான் நகரத்தில், கரமனையில் என் பாத்திரக்கடையில் இருந்தேன். மதினி போனில் அழவில்லை. "உங்க அண்ணன் விழுந்துட்டார். காலை அசைக்க மாட்டேங்கிறார்" என்று மட்டும் சொன்னாள். முதுகெலும்பில் ஒரு எலும்பு நொறுங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து உட்கார மூன்று மாதம் ஆயிற்று. கையில் பலம் இருந்தது. கால்கள் திரும்பவில்லை.

என் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். பத்து நாள் இருந்தான். "ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவருதான்டே தெரியுது. என்னைக் கொண்டு விட்டுரு" என்றான். மதினிக்கும் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலை இருந்தது. கொண்டு விட்டேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பயிற்சிக்கும் மூத்திரக்குழாயைப் பார்க்கவும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவர் ஆசைக்கு வாங்கி வீட்டில் நிறுத்தி வைத்திருந்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் ஆள் படுக்கும் அளவுக்கு நீள சீட். மழையில் எந்தச் சேற்றிலும் ஏறும் என்றார்கள், ஏறியது. ஆனால் செக்போஸ்ட் தாண்டினால் தார் பெயர்ந்து கல்லும் குழியுமாகக் கிடக்கிற ரோடு. சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் பின்பக்கம் தூக்கிப் போட்டது. அண்ணன் துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்வான். கண்ணாடியில் எனக்கு அந்தத் துண்டு தெரியும்.

"மெதுவா போறேன்" என்பேன்.

துண்டை எடுத்துவிட்டுச் சொல்வான். "மெதுவா போனாலும் குத்து ஒண்ணுதான்டே. நீ போ."

கடையில் ஆள் வராத நேரங்களில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். பாலைவனத்தில் பிக்கப்புகள் மணல்மேட்டிலிருந்து பறந்து இறங்கின. சக்கரம் மட்டும் முழங்கால் மடங்குகிற மாதிரி மேலே போய் வந்தது, உள்ளே இருந்தவர் தலை ஆடவில்லை. சக்கரம் மேலும் கீழும் போக எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதிர்ச்சியைக் கீழேயே வாங்கிக்கொள்ளும் என்று புரிந்தது. ஆஃப்ரோடு ஓட்டுகிற பையன்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் சேர்ந்து, நீள ஷாக் அப்சார்பர் போடலாமா, எது நல்லது என்று கேட்டேன். எந்த டிராக்கில் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். போனக்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு என்று எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். வேறு பதில் வரவில்லை.

பாப்பனங்கோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தமிழ்க்காரர்களிடம் பழகிப் பழகிப் பாதி தமிழ் பேசுவார். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, இது லோடு ஏத்தற வண்டியாணு. பின்னாடி ஸ்பிரிங் அஞ்சு பிளேட். ஒரு டன் ஏத்தினா மெத்தை மாதிரி போகும். காலியா போனா குத்தும். நிங்க என்ன லோடு ஏத்தும்?"

"ஒரு ஆள்."

"ஒரு ஆளோ?"

"படுத்த நிலையில. ஐம்பது கிலோ இருப்பார்."

"ஒரு ஆளுக்கு வேண்டி யாரும் ஸ்பிரிங் செய்யறதில்ல, அண்ணாச்சி" என்றார்.

பிறகு ஒரு அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். ஷாக்கை மட்டும் நல்லதாக மாற்றலாம். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முன்பக்கத்துக்கு நீளமான காயில் ஸ்பிரிங், பின்னால் மெல்லிய பிளேட்டுகள், அதற்கேற்ற நீள ஷாக் எல்லாமாக மாற்றலாம். நன்றாகக் குறையும். மூன்றாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளையே நீளமாக்கி வண்டியை அகலப்படுத்துவது. அதுதான் வீடியோவில் பார்க்கிறது. ஆனால் ஆர்டிஓ சோதனையில் நிற்காது, நமக்கு வேண்டாம் என்றார்.

நடுவில் சொன்னதை எடுத்தேன். "வண்டி கொஞ்சம் பொங்கும்" என்றார் அவர். உயரும் என்று அர்த்தம். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. கல் அடியில் இடிக்காதே என்று நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

சாமான்கள் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. வேலை முடிந்த அன்று, அண்ணன் படுக்கிற மாதிரியே பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டு மெக்கானிக்கை ஓட்டச் சொன்னேன். குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட ஒரு ரோட்டில் கொண்டுபோனார். குழி வருவது தெரிந்தது. வண்டி தோணி மாதிரி இறங்கி ஏறியது, முதுகில் எதுவும் படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போகச் சொன்னேன். மகிழ்ச்சியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் போனக்காட்டுக்குப் போனேன். அண்ணன் எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பான். நாற்காலியைக் கதவோடு ஒட்டி வைத்தால் சீட்டும் நாற்காலியும் ஏறக்குறைய ஒரே மட்டம். கையை ஊன்றி, உடம்பை நகர்த்தி, தானே ஏறிவிடுவான். நானோ மதினியோ காலை எடுத்து வைத்தால் போதும். அன்றைக்கும் கையை நீட்டினான். சீட் நாற்காலியைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது.

மறுபடியும் எம்பினான். முடியவில்லை. மதினி ஒரு பலகை கொண்டுவந்தாள். அதன்மேல் நாற்காலியை வைத்தோம், ஆடியது. பக்கத்து லயத்துக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"நான் தூக்குறேன்" என்றேன்.

அக்குளிலும் முழங்காலுக்கு அடியிலும் கை கொடுத்துத் தூக்கினேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வழியில் துண்டு கையிலேயே இருந்தது. "நல்லா இருக்குடே. குத்தே இல்ல" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூத்திரப்பையின் குழாய் கதவுக் கைப்பிடியில் மாட்டிக் கழன்றது. வேட்டி நனைந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மதினி தன் சேலைத் தலைப்பால் மறைத்தாள். திரும்ப ஏற்ற, திரும்ப இறக்க என்று அன்றைக்கு நான்கு தடவை அவனைத் தூக்கினோம்.

மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "இறக்கித் தர முடியும். ஆனா பழைய குத்து வரும்" என்றார் அவர். "ரெண்டும் சேர்ந்து கிட்டாது, அண்ணாச்சி." அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. உயரும் என்று சொன்ன மனிதர்தான்.

வெல்டிங் கடையில் சொல்லி, கைப்பிடி வைத்த இரும்புமேடை ஒன்று செய்தேன். நாற்காலியை அதில் ஏற்றிப் பூட்டிவிடலாம். எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்தான்.

"இதுல ஏத்திக்கலாம். நான் தூக்கவே வேண்டாம்" என்றேன்.

"நாற்காலியோட என்னையும் தூக்கித்தானே மேல வைக்கணும்?"

மேடையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

"அன்னிக்கு நீ தூக்குறப்ப உன் மூச்சு இரைச்சது காதுல கேட்டுச்சு. உனக்கும் வயசாயிட்டு. வேண்டாம்டே. நான் இனி வரல."

மதினி சொல்லிப் பார்த்தாள். நானும் கெஞ்சினேன், கோபப்பட்டேன். பழைய மாதிரியே வண்டியை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். "அந்தக் குத்தையும் இனி தாங்க முடியாது" என்றான். எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்திருந்தது. அடைத்ததில் பாதி நான்தான்.

இப்போது படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஒருவர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து குழாய் மாற்றிக் கொடுக்கிறார். புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க மதினிக்குச் சொல்லித்தந்திருக்கிறார். கால் பயிற்சி நின்றுவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போய் வருகிறேன். அண்ணன் கடையைப் பற்றிக் கேட்பான். வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை.

போன மாதம் மதினியின் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல். "இவளைக் கூட்டிட்டுப் போ. ராத்திரியெல்லாம் முனகுறா" என்றான் அண்ணன். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவனுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுப் புறப்பட்டோம். மதினி முன்சீட்டில் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே தலை சாய்ந்தது. அந்தக் கல்லிலும் குழியிலும் அவள் ஒருமுறைகூட விழிக்கவில்லை. விதுரா கடந்து நெடுமங்காடு டவுன் வந்தது. பஸ்களின் ஹாரனுக்கும் அசையவில்லை.

பல் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். போய் டோக்கன் எடுத்துவிட்டு வந்தேன், அப்போதும் தூங்கினாள். வீங்கிய கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டாள்.

அடுத்தவரை முதலில் பார்க்கட்டும் என்றேன்.