மாங்கொல்லைச் செம்மரம்

ஒன்றுமில்லாதவனிடம் திருட ஒன்றுமில்லை என்பது உலக நியாயம். அந்த நியாயத்தின் நிழலில் துலுக்காணம் பாதி ஆயுளை நிம்மதியாகக் கழித்தான். நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் சர்க்கார் அவனுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் கொடுத்தது. அன்றைக்குப் போனது நிம்மதி. நிலத்தோடு மாங்கன்றுகள் வந்தன. மாங்கன்றுகளோடு, இலவசம் என்பதால் யாரும் வேண்டாமென்று சொல்லாத ஒரு செம்மரக் கன்றும் வந்தது. மாமரங்கள் காய்த்தன. செம்மரம் வரப்பில் சும்மா நின்றது.

அவன் மனைவி மல்லிகாவுக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. வாயில் வைக்கிற மாதிரி ஒரு காய் உண்டா? ஆடுகளுக்குத் தழை, அவ்வளவுதான். அதன் வயிற்றுக்குள் சிவப்பு இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் சாயத்துக்கு வாங்குகிறான் என்று ஊரில் பேச்சு. கட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் லேசில் இறங்காது, சாராயத்தில் போட்டால் இறங்கிவிடும் என்றும் சொல்வார்கள். அந்த ஒரு குணத்தில் அது தன் கொழுந்தனைப் போல என்பாள் மல்லிகா.

மகள் யமுனாவை நகரியில் தறிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். அங்கே நூலுக்குப் போடுகிற சிவப்புச் சாயம் டப்பாவில் வருகிறது.

"டப்பா செவப்புக்கு எவனாவது காவல் நிக்கிறானா? இந்தச் செவப்புக்குத்தான் மலையில ஆளுங்க சாவுறானுங்க. நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்குய்யா இது?" என்பாள் மல்லிகா.

"அது பாட்டுக்கு நிக்குது. உன்னை இன்னா கேட்டுச்சு?" என்பான் துலுக்காணம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, மரத்தின் இடுப்பளவில் விரல் நுழைகிற மாதிரி ஒரு துளை இருந்தது. அடியில் மாவு உதிர்ந்து கிடந்தது. கீழே வெளுப்பு, அதன்மேல் சிவப்பு. யாரும் விளக்கத் தேவையில்லை. செம்மரம் உள்ளே முற்றிச் சிவந்ததா என்பது வெளியே தெரியாது. அதனால் திருட வருகிறவன் முதலில் துளை போட்டுப் பார்ப்பான். வெள்ளைத் தூளாகவே வந்தால் மரத்துக்கும் மரத்துக்காரனுக்கும் ஆயுசு கெட்டி.

"செவந்துக்குது மே" என்றான். குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

"பொண்ணு வயசுக்கு வந்த மாதிரி சொல்றியே. வருவானுங்கய்யா."

அவன் புற்றுமண்ணையும் சாணியையும் பிசைந்து துளையை அடைத்தான். மேலே பூசி, உள்ளங்கையால் தடவியும் கொடுத்தான். "புண்ணைத் தொறந்து வுட்டா பூச்சி ஏறும்" என்றான். பிறகு சட்டை போட்டுக்கொண்டு, வெட்ட அனுமதி கேட்க வனத்துறை ஆபீசுக்குப் போனான்.

அங்கே சிட்டிபாபு என்கிற காவலர் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார். "மரம் உன்னுதுதான். பர்மிஷன் இல்லாம நீ வெட்டினா கேஸு. வேற எவனாவது வெட்டினா உனுக்குப் பொறுப்பு இருக்கு. மனு குடு, பாப்போம்."

சொந்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் துலுக்காணம் கேட்டதில்லை. மனு கொடுத்தான்.

பங்குனியில் வேதநாராயண சாமிக்குத் தெப்பம். குடும்பத்தோடு போனார்கள். திரும்பி வந்தபோது வரப்பில் அடிக்கட்டை மட்டும் இருந்தது, அறுத்த முகம் ஈரமாக, ஆட்டுக்கறிக் கடையில் கறி வெட்டுகிற கட்டையைப் போல.

மல்லிகாவுக்குத் துக்கம் வரவில்லை. சனியன் விட்டது என்றுதான் பட்டது. "போனது போவட்டும். எங்கியும் போய்ச் சொல்லாத."

"நம்ம மரம் மே. திருட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு இன்னா பயம்?"

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், துளையை அடைத்தது உட்பட.

"எந்துக்கு மூசாவு?" என்றார் இன்ஸ்பெக்டர். அவன் விழிப்பதைப் பார்த்துத் தமிழிலும் கேட்டார். "ஏன் மூடினே?"

"பூச்சி ஏறும் சார்."

"வெட்டப்போற மரத்துல பூச்சி ஏறினா உனக்கு இன்னா?"

இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார். மரம் முற்றியது தெரிந்திருக்கிறது. துளையை மறைத்திருக்கிறான். அறுத்த நாளில் ஆட்களுக்கு வசதியாக வீட்டையே காலி செய்துகொண்டு திருவிழாவுக்குப் போயிருக்கிறான். கோத்துப் பார்த்தால் கதை அழகாகத்தான் இருந்தது. திருடர்கள் கிடைக்கவில்லை, துலுக்காணம் கிடைத்தான், தானே நடந்து வந்து. சித்தூர் ஜெயிலில் போட்டார்கள். ஜாமீன் தள்ளிப்போனது. இந்த மரத்து வழக்கில் அப்படித்தான் ஆகும் என்றார் வக்கீல், ஏதோ மழையைப் பற்றிச் சொல்கிறவரைப் போல.

வைகாசியில் மல்லிகா அவனைப் பார்க்கப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் இளைத்திருந்தான். வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்பான், யமுனாவைக் கேட்பான் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"அடிக்கட்டை துளுத்துச்சா மே? அறுத்தா துளுக்கும் அது."

அன்று காலைதான் பார்த்திருந்தாள். கட்டையைச் சுற்றி வெளிர்ப்பச்சையாக, குழந்தை விரல்களைப் போலக் கிளம்பியிருந்தன. ஆமாம் என்றால் அவன் முகம் மலரும். வெளியே வந்த அன்றே வரப்பில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, அடுத்த துளை விழுகிற வரைக்கும் காவல் இருப்பான்.

"இல்ல. பட்டுப்பூடுச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்யா."

அவன் கம்பிவலையின் துருவை நகத்தால் சுரண்டினான். பிறகு, "ஆட்டுக்குத் தண்ணி வெச்சியா?" என்றான்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகக் கொல்லைக்குப் போனாள். ஒரு துளிரையும் விடாமல் அடியோடு முறித்து ஆடுகளுக்குப் போட்டாள். பத்து நாளில் மறுபடி கிளம்பின. மறுபடி முறித்தாள். இப்போதெல்லாம் காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன் அது ஒரு வேலை. மழை பெய்த மறுநாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கிறது.