இரண்டு மணிக்கு மேல் சூப்பர்வைசர்

என் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் அன்று மேனேஜர் அறைக்குப் போனேன். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷர், சட்டைப் பித்தானைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. தினமும் காலையில் அவரை ஆட்டோவில் ஏற்றி பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். திரும்பி வந்து குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தால் மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். அதற்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையம் குடோனுக்கு வந்து என்ன பேக்கிங் செய்வது?

மேனேஜர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “வேலைய விட வேண்டாம்மா. ரெண்டு மணிக்கு வாங்க. ஆறரைக்குப் போங்க. பேக்கிங் வேண்டாம், சூப்பர்வைசரா இருங்க” என்றார். காலையில் பார்க்கிற சூப்பர்வைசர் மதியத்துக்கு மேல் இன்னொரு குடோனுக்குப் போய்விடுவார். பாதி நாள் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் பாதி நாள்தான் மிச்சமிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதற்குத் தெம்பு இல்லை.

எங்கள் குடோனில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் ரோல்களைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றி அனுப்புவோம். பேக்கிங்கில் பன்னிரண்டு பெண்கள். ஒன்பது வருஷம் நானும் அவர்களில் ஒருத்தி. ஒரே மேஜையில் எனக்கு எதிரே நின்று வேலை பார்த்தவள் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரி. என் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். என் கணவர் விழுந்த அன்றைக்கு மருத்துவமனை வராண்டாவில் என்னோடு விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

முதல் நாள் நான் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அவள் சத்தமாக, “ஏட்டி, எல்லாரும் எந்திரிங்க, மேடம் வாராவ” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி உள்ளே போவதென்று தெரியவில்லை.

பேக்கிங் வேலையின் அசதி எனக்குப் பழகியது. இடுப்பில் இருக்கும், முழங்காலில் இருக்கும், படுத்து எழுந்தால் பாதி போய்விடும். இந்த வேலையின் அசதி எங்கே இருக்கிறதென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் குனிந்து நிமிர்வதை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை சும்மா இருந்தது. முதல் வாரம் பொறுக்க முடியாமல் போய் நானும் பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக் கூப்பிட்டார்.

“நீங்க ஒட்டினா ஒரு பெட்டி முடியும். நீங்க பாக்காம விட்டா நாப்பது பெட்டி தப்பாப் போகும்.”

அப்படியே நடந்தது. மூன்றாவது வாரம் பத்து சென்டிமீட்டர் ரோல்களும் பதினைந்தும் கலந்துபோய் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. யார் கலந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் நான் ஒரு மூலையில் குனிந்து டேப் கிழித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மேனேஜர் சத்தம் போடவில்லை. இனிமேல் வேலை நேரத்தில் எல்லோருடைய செல்போனும் என் மேஜையில் இருக்கிற பெட்டிக்குள் இருக்க வேண்டும், பாதியில் யாராவது வீட்டுக்குப் போனால் காரணத்தை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்று இரண்டு விதிகள் போட்டார். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியது நான். சொன்னேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் விறைத்துத்தான் போனேன். பேச்சைக் குறைத்தேன். காலையில் கணவரைத் தூக்கி நிமிர்த்திய தோள்வலியோடு வந்து நிற்கிறவளுக்கு, எல்லோரிடமும் இதமாகப் பேச மிச்சம் எதுவும் இருக்காது. இது சமாதானம் இல்லை, அப்போது இருந்தது இப்படித்தான்.

அப்படி இருந்த ஒரு நாள். இரண்டு பேர் வரவில்லை. ஐந்தரைக்கு லாரி கிளம்ப வேண்டும், பாதி லோடுகூட முடியவில்லை. இரண்டரை மணி இருக்கும், புதுப்பட்டிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான் மூணரைக்குக் கெளம்புதேன்.”

“என்ன விஷயம்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்பது பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

“காரணம் சொல்லாட்டி விட மாட்டியா?” என்றாள், மெதுவாக.

“எழுதணும்ட்டி. அவரு கேப்பாரு.”

என் கையிலிருந்த பேனாவையே செத்த நேரம் பார்த்தாள். “அப்ப வேண்டாம். விடு” என்று திரும்பிப் போய்விட்டாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போயிருக்கலாம். ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போகவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு கை குறைவு.

நாலரை மணியிலிருந்து என் மேஜைப் பெட்டிக்குள் அவளுடைய போன் அடித்தது. ‘வீடு’ என்று வந்தது. நின்று, மறுபடியும் அடித்தது. நான் லாரியில் ஏற்ற வேண்டிய பெட்டிகளில் லாட் நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வரிசை முடியட்டும், கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை வந்தது. லாரி கிளம்பிய பிறகு, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். சேலைக்கு மேலே போட்டிருந்த வேலைக் கோட்டைக் கழற்றிக்கூட வைக்காமல் அப்படியே வெளியே நடந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. தேவதானத்திலிருந்து வருகிற பெண் ஒருத்திதான் என்னிடம் வந்து சொன்னாள்.

“ஒங்களுக்குத் தெரியாதாக்கா? அவிய மகளப் பொண்ணு பாக்க நேத்து சாயங்காலம் வந்தாவளாம். ஞாயித்துக்கெழமதான் வாரதா இருந்திச்சு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லேன்னு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணி இன்னைக்கே வாரோம்னு சொல்லிட்டாவளாம். அவிய வீட்டுக்கார அண்ணன் வேற லாரி எடுத்துக்கிட்டு கேரளா போயிருக்காரு. இவிய போயிச் சேர்றதுக்குள்ள வந்தவிய காத்திருந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாவளாம்.”

பெண் பார்க்க வருகிற விஷயத்தை, முடிவாகும் முன்னால் யார் ஒன்பது பேருக்கு நடுவில் நின்று சொல்வார்கள்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோயிலில் பூசை முடிந்ததும், கணவரை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். ஏறும் முன்னால் பால்கோவா வாங்கலாமா என்று கடை வாசலில் நின்றேன். பிறகு, அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்து வெறுங்கையோடு போனேன்.

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. “சாப்பிட்டியா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்துவிட்டாள். சாப்பிடாமல் எதையும் பேச விடவில்லை. எப்படியோ தின்றேன்.

“ஓரமா வந்து சொல்லியிருக்கலாம்லட்டி” என்றேன் கடைசியில். மன்னிப்புக் கேட்கப் போனவள் அவளையே குறை சொல்வதுபோல ஆகிவிட்டது.

“நீ வந்து கேட்டிருக்கலாம்ல” என்றாள். “ஒன்பது வருஷத்துல நான் ஒரு நாளாச்சும் பாதியில போறேன்னு நின்னுருக்கேனா? எதோ இருக்குன்னு ஒனக்குத் தோணலியா? சரி, அத விடு. போன் அம்புட்டு நேரம் அடிச்சிச்சே. அதக்கூடவா குடுக்கக் கூடாது?”

கண்ணில் நீர் முட்டியது. அவள் பார்த்துவிட்டாள்.

“அழுவாத. இப்ப ஒன்னையும் தேத்துறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் மகள்தான் கூட வந்தாள். நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். “அத்தை, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் அந்த எடம் அவ்வளவாப் பிடிக்கல” என்றாள். உண்மையாகவே சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அன்றைய சாயங்காலம்தான் காரணமா, அதுவும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்தில் நான் இல்லை.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் போனதும் நேராக மேனேஜரிடம் போனேன். “லீவு எழுதுதேன். காரணம் கேட்டு எழுத மாட்டேன். அது வேணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க” என்றேன். அந்த வேலையில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பயம்கூட வரவில்லை, அவ்வளவு அசந்திருந்தேன். அவர், “சரிம்மா, யாரு போறா, எத்தன மணிக்குன்னு மட்டும் எழுதுங்க” என்றார். இவ்வளவு சுலபமாக முடியும் என்றால், மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. போன் பெட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் எந்தப் போன் இரண்டாம் தடவை அடித்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். பாதிக்கு மேல் கடன் கொடுக்கிறோம் என்று சொல்கிற கம்பெனிக்காரர்கள்தான். “இதுக்கா இப்படி ஓடியாரீய?” என்று பெண்கள் கேட்பார்கள்.

அவள் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். அதே மேஜை. அவளுக்கு எதிரே இப்போது வேறு ஒருத்தி. மேடம் என்று கேலி செய்வது நின்றுபோனது. ஏட்டி என்பதும் நின்றுபோனது. என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. ‘இந்தா’ என்பாள், ‘இங்க பாரு’ என்பாள். வேலையில் ஒரு குறை வைக்க மாட்டாள். முன்பைவிடச் சுத்தமாகச் செய்தாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. என் கணவர் இப்போது கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் வருகிறார். முழுநேரமாக வருகிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். பாதி நாளே போதும் என்று சொல்லிவிட்டேன். வேலை பிடிபட்டுவிட்டது. எந்தப் பெட்டி எங்கே தப்பாகும் என்று கண் போய் நிற்கிறது. யாருக்கு அன்றைக்கு உடம்பு முடியவில்லை என்பதும் சாப்பிட்டுவிட்டு வந்து கோட்டு மாட்டும்போதே தெரிகிறது. அசதி மட்டும் குறையவில்லை.

போன மாதம் ஒரு நாள் ராஜபாளையம் பஸ் நிலையத்தில் பஸ்கள் வராமல் கூட்டம் நெருக்கியது. ஆறு மணிக்கே கிளம்பியிருந்த அவளும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஏறியபோது இரண்டு பேர் சீட்டு ஒன்றுதான் காலி. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எங்கே தங்குகிறாள் என்று கேட்டேன், சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை ஆடி ஆடி என் தோளில் சாய்ந்தது. காலையில் கணவரைத் தாங்கிப் பிடிக்கிற தோள், வலித்தது. நகராமல் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் நான்தான் தட்டி எழுப்பினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேன்” என்று சொல்லிவிட்டு வத்திராயிருப்பு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.