மண்டபத்தில் ஏது வரப்பு

சிங்கவரத்தில் எங்கள் நிலக்காரர் மானியத்தில் நடவு எந்திரம் வாங்கினார். என்னோடு சேர்த்து எட்டுப் பெண்கள் நாள் முழுக்க நடுகிற வயலை அது மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன். பாதி விலைக்குக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். வேலை போனவளுக்கு யார் மானியம் தருகிறார்கள்? செஞ்சியில் ஏதாவது கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவோம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தரை துடைக்க ஆள் கேட்டார்கள். ஒரு நாள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார் மேனேஜர். கம்பு வைத்த துடைப்பான் எனக்குச் சரிப்படவில்லை. புடவையைத் தூக்கிச் செருகி, துணியைப் பிழிந்துகொண்டு குனிந்தேன். குனிந்தால் என் கால் தானாகப் பின்னால் போகும். இருபது வருஷம் நாற்று நட்ட கால் ஆயிற்றே! நடவில் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. குதிகாலில் வரப்பு இடித்தால் நிமிர வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஏது வரப்பு? நான் பாட்டுக்குப் பின்னாலேயே போய், வாசலையும் தாண்டி, வெளியே நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். டீ முழுக்க அவர் சட்டையில். மானம் கப்பலேறியது. போச்சு, பெங்களூர்தான் என்று நினைத்தேன்.

அவர் சட்டையை உதறிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தக் கோடி வரைக்கும் ஒரு கால்தடம் இல்லை. முன்னே இருந்தவர்கள் துடைத்த ஈரத்தையே மிதித்துக்கொண்டு வருவார்களாம்.

“நாளைலேர்ந்து வந்துடும்மா. வாசல்ல மட்டும் ஒரு செங்கல்லு வச்சிக்கோ.”

வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தச் செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன தை மாதம் நிலக்காரர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தார். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். தரை ஈரம், காய்கிற வரைக்கும் வாசலிலேயே நில்லுங்கள் என்றேன். நின்றார். கொஞ்சம் பொறுத்து, எந்திரம் மூலைக்குப் போக மாட்டேன் என்கிறது, நாலு மூலையும் சொட்டையாகக் கிடக்கிறது, நாளைக்கு ஆட்களோடு வர முடியுமா என்று இழுத்தார்.

“மூலைக்கு ஒரு எந்திரம் மானியத்துல தராங்களான்னு கேட்டுப் பாருங்கய்யா.”

அவரே சிரித்துவிட்டார். எனக்கும் சேற்றில் கால் வைத்து ரொம்ப நாளாகியிருந்தது, ஆசை விடவில்லை. மேனேஜரிடம் போய், வயலுக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் லீவு அதுதான்.