மூன்றாம் முறை திரும்பி வந்த ஸ்டார்ட்டர்

கலாதேவி திருத்திக் கொடுத்த ஸ்டார்ட்டர் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில். பட்டறை உரிமையாளர் பரராசசிங்கம் பெட்டியை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அந்த லொறிக்கார மனுசன் திரும்பவும் அனுப்பியிருக்கிறார். டக்கெண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்லையாம்."

"இஞ்ச நல்லாத்தானே சுத்தினது அண்ணை. நீங்களும் பாத்தனீங்கள்."

"பாத்தனான்தான். ஆனா லொறியில வேலை செய்யேல்லையே. எங்கையோ கவனிக்காமல் விட்டிட்டீர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள்.

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரின் வடக்கே இருந்த அந்தப் பட்டறையில் அவள் பத்து வருடங்களாக வேலை செய்தாள். வாகன இயந்திரங்களைச் சுழற்றித் தொடக்கும் பழைய ஸ்டார்ட்டர்கள் பெட்டியில் வரும். கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மேசையில் சுற்ற வைத்துப் பார்த்து, மறுபடி பெட்டியில் போட்டு அனுப்புவாள். அவை எந்த வாகனத்துக்குப் போகின்றன என்று அவள் கண்டதில்லை. கணவர் இறந்து பதினொரு வருடங்கள். ஒரே மகள் நிருஷா ஆஹென் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பரராசசிங்கம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அவள் மேசையின் ஓரத்தில் ஒரு துணியை விரித்துத் தனியே சாப்பிடுவாள். சனி, ஞாயிறு யாரோடும் பேசாமலே கழிந்துவிடுவதால், திங்கள் காலையில் அவளுக்குக் குரல் கரகரத்துத்தான் வரும்.

அன்று ஸ்டார்ட்டரை முழுதாகப் பிரித்தாள். மின்சாரத்தை உள்ளே கடத்தும் கரித்துண்டுகள் புதியவை. சுருள்களில் பிழையில்லை. பூட்டி மேசையில் இறுக்கிப் பற்றரியைக் கொடுத்தாள். சீறிக்கொண்டு சுற்றியது.

"அண்ணை, சனிக்கிழமை நான் போய் லொறியைப் பாக்கட்டோ?"

"பஸ்ஸில இந்த இரும்பைக் காவிக்கொண்டோ?"

"ஓம்."

அவர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஏலுமெண்டால் போம்" என்றார்.

இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். கிராமத்து வீடொன்றின் வாசலில் ஃபோல்மர் என்ற எழுபது வயதுக்காரர் நின்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர். பட்டறையிலிருந்து ஆள் வரும் என்று தெரிந்திருந்தும், அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வீதியை எட்டிப் பார்த்தார். பிறகு சங்கடப்பட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

கொட்டிலுக்குள் லொறி நின்றது. 1961ஆம் ஆண்டு வாகனம், கடும் நீலம், சில்லின் உட்புறம்கூட மினுங்கியது.

"நானும் தம்பியும் நாலு வருடம் வேலை செய்தோம். பெப்ரவரியில் அவன் இறந்துவிட்டான். இது ஓடுவதை அவன் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் விளக்கைப் போடப் போனார்.

அவர் அடியில் படுத்து ஸ்டார்ட்டரைப் பூட்டினார். அவள் வெளிச்சம் பிடித்தாள். பிறகு லொறியில் ஏறித் திறப்பைத் திருப்பினார். டக். அவ்வளவுதான்.

கலாதேவி பையைத் திறந்தாள். ஒருவேளை பிழை தன்னுடையதுதானோ? வோல்ட் மீற்றரை எடுத்துப் பற்றரியை அளந்தாள். நிறைவாக இருந்தது. சற்று நேரம் லொறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் பற்றரியின் இரண்டு கேபிள்களையும் நேரே ஸ்டார்ட்டரில்தான் கொழுவுவாள். இங்கே ஒன்றுதான் நேரே போகிறது. மின்சாரம் திரும்பி வருவது இயந்திரத்தின் உடம்பும் சட்டகமும் வழியாக. அந்தத் திரும்பும் வழியை யாரும் பார்க்கவில்லை.

"இன்னொருதரம் திருப்புங்கள்" என்றாள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் வெற்று இரும்பிலும் வைத்தாள். அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. ஐந்து வோல்ட் காட்டியது.

பற்றரியின் மைனஸிலிருந்து வந்த ஏர்த் கேபிள் சட்டகத்தில் இறுக்கப்பட்டிருந்த இடத்தைத் தொட்டாள். ஆணி சுட்டது. கழற்றிப் பார்த்தால், அடியில் இரும்பே தெரியவில்லை. கண்ணாடி மாதிரி நீலப் பெயின்ற்.

"இதை அடித்தது யார்?"

"தம்பி. மூன்று பூச்சு. ஓரிடமும் விடவில்லை" என்றார் அவர் பெருமையாக.

"இந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். பெயின்றுக்குள்ளால் மின்சாரம் போகாது, ஆணியால் மட்டும் கொஞ்சம் போகிறது."

அவர் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு கம்பித் தூரிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீங்களே செய்யுங்கள்" என்றுவிட்டு முற்றத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தேவைக்கு மேல் ஒரு மயிரிழைகூடப் படாமல் சுரண்டினாள். இயந்திரத்திலிருந்து சட்டகத்துக்கு வந்த பின்னல் கேபிளின் இரு முனைகளிலும் அதேபோலச் செய்தாள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

இந்தமுறை டக் என்ற சத்தத்தோடு நிற்கவில்லை. ஸ்டார்ட்டர் இரண்டு சுற்றுச் சுற்றியது. இயந்திரம் இருமிக் கறுப்புப் புகையைக் கக்கி, உறுமத் தொடங்கியது. ஃபோல்மர் இறங்கி வந்து சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்குச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது" என்றார்.

அது அவளுக்கு விளங்கியது. ஆனால் அதற்கேற்ற ஜெர்மன் சொல் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் தரிப்பு வரைக்கும் அவர் லொறியிலேயே கொண்டுபோய் விட்டார். மூன்று கிலோமீற்றர். தான் திருத்திய ஒன்று தன்னைச் சுமந்துகொண்டு போவது அவளுக்கு அதுதான் முதல்முறை.

பஸ்ஸில் ஏறியதும் மகளுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, திங்கள் க்ளவுசூர் இருக்கு, படிச்சுக்கொண்டிருக்கிறன். ஏதும் அவசரமோ?"

"இல்லைப் பிள்ளை. சோதனையை வடிவாச் செய்."

நகத்துக்குள் நீலத் தூள் ஏறியிருந்தது. டோர்ட்மண்ட் வரும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கள் காலை அவள் நடந்ததைச் சொல்ல, பரராசசிங்கம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பெயின்றோ! அப்ப பிழை உம்மில இல்லை." முற்றத்தில் முதுகைக் காட்டி நின்ற மனுசனைப் பற்றியும் சொல்ல நினைத்தாள். அதற்குள் தொலைபேசி அடித்தது, அவர் போய்விட்டார்.

புதன்கிழமை நிருஷா எடுத்தாள். "சனிக்கிழமை என்னத்துக்கு அம்மா எடுத்தனீங்கள்?"

"ஒரு லொறி ஸ்டார்ட் வராமல் நிண்டது. பிறகு வந்திட்டுது."

"நல்லது" என்ற நிருஷா, பிறகு சோதனையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். கலாதேவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் நேரே பரராசசிங்கத்திடம் போனாள். "அண்ணை, இனி ஏதும் திரும்பி வந்தால் நானே போய் வாகனத்தைப் பாக்கிறன்."

"சனிக்கிழமையிலயோ? வீட்டில வேலை இல்லையோ?"

"இல்லை" என்றாள் அவள்.

குளிர்காலம் வருவதற்குள் இப்படி நாலு இடங்களுக்குப் போய் வந்தாள்.