காஸ் மயக்கமும் ஃபஸீலாவோட அத்தாவும்

செம்பரம்பாக்கத்தாண்ட ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனில எலிங்களுக்குத் தீனி வைக்கிறவ நான், கோமளா. ஃபஸீலா அங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு, பூந்தமல்லிக்காரி. சரியான பிடிவாதக்காரி, எனக்கே கடுப்பாவும். ஆனா அவ ஏன் உயிரைக் குடுத்து வேலை பாக்குறான்னு எனக்குத் தெரியும். அவளோட அத்தா, அதான் அப்பா, ஜாபர் அலி, அம்பத்தூர்ல வார்ப்படப் பட்டறைத் தூசியைத் தின்னு தின்னு நுரையீரல் கெட்டு, ஊட்ல ஆக்சிஜன் மெஷினோட கீறாரு. இவ பாக்குற மருந்து நுரையீரல் வீக்கத்துக்கு. இது வந்துட்டா நீங்க மாடி ஏறலாம்னு அவராண்ட வாய உட்டுட்டா. மனுசன் அதையே புடிச்சிக்கினு கீறாரு.

ரம்ஜான் மாசம் ஃபஸீலா பாதி எலிங்களுக்கு அந்த மருந்தக் குடுத்தா, பாதிக்குக் குடுக்கல. அப்புறம் எல்லாத்துக்கும் மயக்கம் குடுத்து, நுரையீரலை வீங்க வைக்கிற தண்ணிய மூக்குல உட்டா. மொதல்ல மருந்து குடுத்த எலிங்களுக்கு, மோந்தா மயங்குற காஸ் குடுத்தா. அத ஒவ்வொண்ணாத்தான் பண்ணணும், நேரம் புடிக்கும். மருந்து குடுக்காததுங்க மிச்சம் கீறப்பவே பொழுது சாய ஆரம்பிச்சிடுச்சி. அத்தாவால நோன்பு வைக்க முடியாது, ஆனா இவ ஊட்டுக்குப் போயி நோன்பு தொறந்தாத்தான் அவரும் கஞ்சியில வாய் வைப்பாரு. மயக்கம்தானே, எதுல குடுத்தா இன்னான்னு மிச்சத்துக்கு மயக்க ஊசி போட்டு மளமளன்னு முடிச்சிட்டு ஓடுனா.

ரிசல்ட் பிரமாதம். மருந்து குடுத்த எலிங்களுக்கு வீக்கம் ரொம்பக் கம்மி. அவளோட மேலதிகாரி சம்பந்தம் சார், முதலாளிங்க முன்னாடி சொல்ல நாளே குறிச்சிட்டாரு. இவ மட்டும் பேயறைஞ்ச மாதிரி கெடந்தா. இன்னாடின்னு நோண்டுனேன். காஸா குடுக்குற சில மயக்க மருந்தே நுரையீரல் வீக்கத்த அடக்கிடுமாம், எங்கியோ படிச்சிட்டு வந்து சொன்னா. அப்போ வீக்கத்த அடக்குனது மருந்தா, காஸான்னு அவளுக்கே தெரியல.

கம்முனு கெட, வேலை போயிடும்னேன். கேட்டாளா? நேரா சாராண்ட போயி சொல்லிட்டா. அவரு கத்துன கத்து எலி ரூம் வரைக்கும் கேட்டுச்சி. அப்புறம், பின்னாடி தெரிஞ்சா மாட்டிக்குவோம்னு அவருக்கே பயம் வந்து, மறுபடி பண்ணுன்னாரு.

இந்த வாட்டி மருந்து குடுத்தது, குடுக்காதது ரெண்டுலயும் பாதிக்குக் காஸ், பாதிக்கு ஊசி. நுரையீரலை வெட்டி மைக்ராஸ்கோப்ல வெச்சிக்கினு குந்தி, ஒவ்வொண்ணா பாத்து எழுதிக்கினே வந்தா. கடைசில, "காஸ் குடுத்ததுக்கெல்லாம் வீக்கம் கம்மிக்கா. ஊசி போட்டதுக்கெல்லாம் ஜாஸ்தி. மருந்தால ஒண்ணுமே ஆவல"ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சி.

அத்தாவாண்ட தனியா சொல்ல பயமா கீதுன்னு என்னையும் ஊட்டுக்கு இட்டுகினு போனா. மருந்து வேலை செய்யலன்னு சொன்னா, இன்னா நடந்துச்சின்னும் சொன்னா. அவரு ஆக்சிஜன் வர்ற மூக்குக் கொழாய கழட்டிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கேட்டுக்கினாரு.

"அப்போ வீக்கத்த அடக்குனது மயக்கமாம்மா?"

"ஆமாத்தா."

"அப்படின்னா அதையே எனக்குக் குடேன்."

வெளையாட்டுக்குக் கேக்கல அந்த மனுசன், நெஜமாத்தான் கேட்டாரு. "அது குடுத்தா மயங்கித்தான் கெடப்பீங்க, மாடி ஏற முடியாதுத்தா"ன்னுகினே ஃபஸீலா கொழாய எடுத்து அவரு மூக்குல மாட்டப் போனா. தலைகீழா மாட்டுனா. நான்தான் வாங்கி மாட்டி உட்டேன்.